பஸ் திரும்பும் இடம்

மகள் தினமும் காலையில் பஸ் ஏறியதும் எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள். ‘ஏறிட்டேன்’ என்று ஒரே சொல். நான் கடலூரில் ஆசிரியை. அந்தச் சொல் வரும்வரை வருகைப் பதிவேட்டைத் திறக்க மாட்டேன். ஐப்பசியில் ஒரு நாள் அது வரவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

சிதம்பரம் சாலையில் குடிகாடு கிராமத்தைத் தாண்டி, உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் எங்கள் நகர். நகர் என்பது பெயருக்குத்தான். வயலை மேடாக்கிப் போட்ட மனைகள். மகளுக்குச் சிதம்பரத்தில் கல்லூரி. நான் பள்ளிக்குக் கிளம்பி அரைமணி நேரம் கழித்து, மெயின் ரோடு வரை ஸ்கூட்டரில் போய், டீக்கடையில் அதை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுவாள். அந்த மூன்று கிலோமீட்டரில்தான் ஒரு மண் லாரி அவளை உரசித் தள்ளிவிட்டுப் போயிருந்தது. எங்கள் நகரையும் தாண்டி உள்ளே இன்னொரு நகர் வருகிறது, அதை மேடாக்கப் போகிற மண். அவளுக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஹெல்மெட்டில் நீளமாக ஒரு விரிசல். நான்காம் நாளே அவள் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். எனக்குத்தான் இன்றைக்கும் லாரிச் சத்தம் கேட்டால் கரும்பலகையில் எழுதுகிற கை நின்றுவிடுகிறது.

காலை எட்டு மணிக்கு எங்கள் நகர் வாசலில் நின்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு பைக், பாதி வீடுகளில் கார். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே திசையில், பெரும்பாலும் வண்டிக்கு ஒரே ஆள். புகை அடங்க அரைமணி நேரம் ஆகும். ‘வாகனப் புகையைக் குறைப்போம்’ என்ற பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் காரில்தான் போனேன். வேறு எதில் போவது?

விபத்துக்குப் பிறகு பஸ் கேட்டு மனுமேல் மனு கொடுத்தேன். கடைசியில் போக்குவரத்து அதிகாரி ஒருவர் உட்காரச் சொன்னார்.

“ஆளுங்க ஏறுவாங்கதான் மேடம். ஆனா உள்ள வந்த பஸ்ஸு எங்க திரும்பும்? மூணு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே வருமா?”

மறுநாள் எங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் விரித்தேன். பூங்காவை ஒட்டிய கட்டத்தில் ‘பேருந்து திரும்புமிடம்’ என்று எழுதியிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எங்கள் நகர் வந்து பதினோரு வருடம். அந்தப் படத்தை அவர் அன்றுதான் பார்க்கிறார். எங்கே வீடு கட்டலாம் என்று அனுமதி கொடுக்கிற அலுவலகம் அதே வளாகத்தில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். ஒரு காகிதம் அந்த மரத்தைத் தாண்டவில்லை. நாங்கள் குடியேறும்போதே பஸ் வந்திருந்தால் இத்தனை வண்டி எதற்கு, இந்தப் புகை எதற்கு என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“எடத்தக் காலியா காமிங்க மேடம். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு விடச் சொல்றேன்.”

படத்தில் அந்தக் கட்டத்தின் மேல் என் விரல் இருந்தது. அதை எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் இப்போது தகரக் கூரை போட்ட ஷெட் நிற்கிறது. பஸ் இல்லாததால் வாங்கிய கார்களை வெயிலில் விட வேண்டாமே என்று நகர்ச் சங்கம் போட்டது. “பஸ்ஸே வராத எடத்துல பஸ்ஸு திரும்ப எதுக்கு எடம்?” என்று கூட்டத்தில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்ததும் நான்தான். தீர்மானத்தில் முதல் கையெழுத்தும் என்னுடையது. உள்ளே ஒன்பது கார். மூன்றாவது எங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டச் சொல்லி, ஷெட்டைப் பிரிக்கலாம் என்றேன். எதிர்வீட்டுக்காரர், ஓய்வு பெற்றவர், தணிந்த குரலில்தான் பேசினார்.

“பொண்ணுக்கு அப்படி ஆயிருக்கக் கூடாதுதான் டீச்சர். ஆனா வந்தாலும் ரெண்டு நடை பஸ்ஸு. அதுல நீங்க போவீங்களா?”

போவேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“அப்ப மொதல்ல ஒங்க காரு வெளிய வரட்டும். மத்தவங்களுத அப்பறம் பாக்கலாம்” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அன்று மாலையே எடுத்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். காலையில் குப்பை வண்டி போக வழியில்லை என்று தெருவே திட்டியது. ஷெட்டில் நான் காலி செய்த இடத்தில் எதிர்வீட்டு மகனின் புதுக் கார் நின்றது. முன்கண்ணாடியில் வைத்த சந்தனம்கூடக் காயவில்லை.

அதிகாரி இரண்டு முறை கேட்டுவிட்டார், இடம் தயாரா என்று. இன்னும் ஒரு வாரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்று தூறல். நான் கிளம்பும்போது மகளிடம் பார்த்துப் போ என்றேன். “தெனமும் இதையேதான் சொல்ற” என்றாள். மெயின் ரோட்டில் நான் ஏறும்போது ஒரு மண் லாரி எங்கள் சாலைக்குள் திரும்பியது. இப்போது மணி ஒன்பது பத்து. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டார்கள். பதிவேட்டின் மேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.