ஒரு ஹேர்பின் போதும் என்றவர்

நைட் ஷிப்ட் முடிந்த அந்தக் காலையில் கம்பெனி கேட்டருகே நானும், அறைத்தோழன் சுடலையும், செக்யூரிட்டி அக்காவும் இருந்தோம். எதிரே கடை வைத்திருக்கும் மெக்கானிக் மட்டும் இல்லை. ஒரு கல்யாணத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தார். ஒன்பது மணிக்குச் சுடலைக்கு ஸ்ரீபெரும்புதூரில் நிரந்தர வேலைக்கான நேர்காணல். எங்கள் ஸ்கூட்டரில் கிக்கர் எப்போதோ உடைந்துவிட்டது. ஹார்ன் அடித்தது, ஆனால் செல்ஃப் பட்டனை அழுத்தினால் சத்தமே வரவில்லை.

அக்காவின் சட்டைக் கையில் எப்போதும் ஒரு வரிசை சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால், போகிறவர்களின் போன் கேமராமேல் ஒட்டுவார். வெளியே வந்ததும் சுடலை அதை உரித்து வண்டி ஹேண்டிலில் ஒட்டிவிடுவான்.

அக்கா குனிந்து பார்த்தார். "இன்னாப்பா, நான் ஒட்னதெல்லாம் இங்க கீது? கோந்து எறங்கி பட்டன் பாதிலயே நிக்குது பாரு."

"அழகுக்கு ஒட்டுனேன்க்கா."

"நல்லா கீது உன் அழகு!"

கொண்டையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு ஹேர்பின்னை உருவி, பட்டனைச் சுற்றிச் சுரண்டினார். வண்டி கிளம்பியது.

சுடலைக்கு வேலை கிடைத்தது. ஓர் அட்டை நிறைய ஹேர்பின் வாங்கிக்கொண்டு போனோம். அக்கா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டையைத் திருப்பி நீட்டினார்.

"ஒண்ணுதானேப்பா வளைஞ்சிது."

கேட்டில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பதாலா, அவர் சுபாவமே அதுதானா, எனக்கு இன்றும் தெரியவில்லை. அட்டை எங்கள் அறை ஜன்னலில் தொங்குகிறது. விலை இருபது ரூபாய்.