வெட்டாமல் அனுப்பிய நாலு நிமிஷம்

மைக்கக்காவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பேருந்து நிலையத்தில். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று பதினோரு வருஷம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அறிவித்தவள். பிறகு பதிவு செய்த குரலே போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிவும் அவள் குரல்தான் என்பது தனிக் கொடுமை. வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பார்கள். இவள் கையில் வந்த பணத்துக்கு ஒரு நல்ல மைக் வாங்கினாள். தலையில் அடித்துக்கொண்டார்கள் சொந்தக்காரர்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒரு சுவரில் வருஷம் முழுக்க ஈரம். அதன்மேல் பழைய மெத்தைகளை ஆணியடித்துப் பாட்டுப் பதிவு செய்தார்கள். இயந்திரங்களை அவள் தம்பி பார்த்துக்கொண்டான். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, நாற்பதைத் தாண்டிய, மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மனிதன். ‘ஈரச்சுவர்’ என்று அவன் கேலியாக வைத்த பெயரே அந்தச் சின்ன இசை நிறுவனத்துக்கு நிலைத்துவிட்டது.

பஞ்சு வந்தது மூன்றாவது வருஷம். துணி தேய்க்கும் கடையில் வேலை பார்ப்பவள். பேசும்போது மெத்தென்று இருக்கும் குரல், அதைக் கேட்டு மைக்கக்கா வைத்த பெயர்தான் பஞ்சு. பாட ஆரம்பித்தால் முதுகுத்தண்டு சிலிர்க்கும். பாடுவதற்கு முன்னாலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“முகம் காட்ட மாட்டேன். மேடை ஏற மாட்டேன். சொந்தப் பேரு எங்கயும் வரக்கூடாது. சம்மதம்னா பாடுறேன்க்கா.”

காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். மணிக்கட்டை முறித்த புருஷனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு ஓடி வந்தவள். அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

பெரிய கம்பெனிக்காரர்கள் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போனார்கள். ஆனால் “முகம் இல்லாம எப்படிம்மா விக்கிறது?” என்று கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் சந்தா யோசனை வந்தது. பாட்டுப் பிடித்தவர்கள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கட்டும். முகத்தை யாரும் கேட்க வேண்டாம். நானூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். ஓட்டுநர்கள், செவிலியர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், படுக்கையில் கிடக்கும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். யார் புதிதாகச் சேர்ந்தாலும் மைக்கக்காவே போன் போட்டு நாலு வார்த்தை பேசுவாள். அத்தனை பேர் குரலும் அவளுக்கு அத்துப்படி.

அவர்களுக்கு மாதம் ஒரு பாட்டு போகும். முதல் சனிக்கிழமை ‘உதிரி’யும் போகும். பாட்டுக்கு நடுவில் உதிர்ந்து விழுந்ததெல்லாம் அதில் இருக்கும்: தப்பாக எடுத்த அடி, இருமல், சிரிப்பு, ஊர்வம்பு. பாட்டைவிட உதிரிக்குத்தான் ஜனங்கள் உயிரை விட்டார்கள். “நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது” என்று மைக்கக்கா எல்லாரிடமும் பீற்றிக்கொள்வாள். வெளியே போகக்கூடாத பேச்சை மட்டும் அவளே உட்கார்ந்து கேட்டு வெட்டுவாள்.

அந்த மாதமும் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். பாடிக் களைத்த பஞ்சு தண்ணீர் குடித்துவிட்டு நாலு நிமிஷம் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சிரிப்பு, தொண்டையில் லேசான கரகரப்பு. அடடா, என்ன குரல் என்று மைக்கக்கா கண்ணை மூடி ரசித்தாள். அவ்வளவு ரசித்தவள் அதில் இருந்த சொற்களைக் கவனிக்கவே இல்லை. காலம் முழுக்கக் குரலோடு பிழைத்தவளுக்கு வரக்கூடிய புத்திகெட்டத்தனம் அது, வேறென்ன சொல்ல? சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உதிரி போய்விட்டது.

பத்து மணிக்கு ஒரு ஓட்டுநரிடமிருந்து செய்தி வந்தது. ‘அக்கா, நம்ம பஞ்சு பெரியாஸ்பத்திரி பின்னாடி இருக்கிற தேய்ப்புக் கடையிலயா வேலை பாக்குது? நான் தினம் அந்த வழியாத்தான் போறேன்! நாளைக்கு நேர்ல போய் ஒரு வணக்கம் போட்டுட்டு வந்துடுறேன்.’

மைக்கக்கா உதிரியைப் போட்டுக் கேட்டாள். ஐயோ, எல்லாமே இருந்தது! ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கடை, மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் நீலநிறக் கதவு, மூணரைக்கு அவளைக் கூட்டிவரப் போகிற குறுக்குச்சந்து. அந்த மெத்தென்ற குரல் ஒவ்வொன்றாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

தம்பி ஓடி வந்து உதிரியை எடுத்துவிட்டான். அதற்குள் அறுபத்து மூன்று பேர் இறக்கி வைத்திருந்தார்கள்.

“முதல்ல பஞ்சுகிட்ட சொல்லுக்கா” என்றான்.

“இருடா. இந்த அறுபத்து மூணு பேர்கிட்டயும் பேசி அழிக்கச் சொல்லிடலாம். எல்லாம் நம்ம ஆளுங்கதான். அவளை எதுக்குக் கலவரப்படுத்தணும்?”

“நம்ம ஆளுங்க வேற யாருக்காவது அனுப்பியிருந்தா?”

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். எல்லாரும் தங்கமானவர்கள்தான், உடனே அழித்தார்கள். ஆனால் ஒவ்வொரு போனுக்கு நடுவிலும் அவள் மனசில் ஓடியது ஒன்றுதான். பஞ்சுவுக்குத் தெரிந்தால் பஞ்சு போய்விடுவாள். பஞ்சு போனால் சந்தாக்காரர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஈரச்சுவர் அத்தோடு முடிந்தது. இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே கூசியது. கூசினாலும் அடுத்த எண்ணைத்தான் போட்டாள்.

ஒரே ஒரு ஆள் எடுக்கவில்லை. ஒன்பது நாளுக்கு முன் சேர்ந்தவர், வரவேற்புக்குப் போட்ட போனையும் எடுக்காதவர். மைக்கக்கா இதுவரை குரலே கேட்காத ஒரே சந்தாக்காரர். உதிரி போன நாலாவது நிமிஷமே இறக்கியிருந்தார். அதைப் பார்த்ததும் மைக்கக்கா எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டியதுகூட நினைவில்லை. தேய்ப்புக் கடைக்கு ஓடினாள். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

பஞ்சு போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மைக்கக்கா மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தாள். பஞ்சு கத்தவில்லை. தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மைக்கக்காவின் போன் அடித்தது. எடுக்காத அந்த எண்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்கக்கா பொத்தானை அழுத்தினாள்.

“ஹலோ, யாரும்மா? இது எங்க மாமனார் போனு. போன் அடிக்கிறது அவரு காதுல விழறதில்ல, பேத்திதான் பாட்டெல்லாம் எறக்கித் தரும்” என்றது ஒரு பெண்குரல்.

உதிரியை அப்போதே அழிக்கச் சொல்லிவிட்டு மைக்கக்கா போனை வைத்தாள். அழுகையும் சிரிப்புமாகப் பஞ்சுவின் தோளைப் பிடித்தாள். “ஒண்ணும் இல்ல பஞ்சு! எல்லாரும் அழிச்சாச்சு. ஒண்ணும் ஆகல!”

பஞ்சு தோளை விடுவித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு எத்தன மணிக்குத் தெரியும்க்கா?”

“பத்து இருக்கும்.”

“இங்கிருந்து உங்க மாடிக்கு நடந்தா எவ்வளவு நேரம்?”

பத்து நிமிஷம்கூட ஆகாது.

“ரெண்டு மணி நேரம் யாருக்காகப் பயந்தீங்க?” என்று கேட்டாள் பஞ்சு. கடைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, சனிக்கிழமையும் வகுப்பு இருந்த மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாயங்காலம் மைக்கக்கா போய்ப் பார்த்தபோது அவள் குடியிருந்த அறையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள்.

மைக்கக்கா சந்தாக்காரர்களுக்கு மறைக்காமல் எழுதினாள். ‘தப்பு என்னுடையது. பஞ்சு போய்விட்டாள். விலகுகிறவர்கள் விலகலாம்.’ அவள் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது பேர்தான் விலகினார்கள். ‘அந்தப் பொண்ணு நல்லா இருந்தா போதும், எப்ப பாடினாலும் கேப்போம்’ என்று படுக்கையில் கிடக்கும் தபால்காரர் குரல் அனுப்பினார். அதைக் கேட்டு மைக்கக்கா வாய்விட்டு அழுதாள்.

ஐந்து மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பாட்டு வந்தது. போனிலேயே பதிவு செய்தது. கூடவே ஒரு வரி: ‘தேறுமா பாருங்கக்கா.’

மைக்கக்கா தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் குரலை ரசிக்கவில்லை. பின்னால் வண்டிச்சத்தம் இருக்கிறதா, மணி அடிக்கிறதா, யாராவது எதையாவது சொல்கிறார்களா என்று பத்துத் தடவை கேட்டாள். ஒன்றும் இல்லை. சனிக்கிழமை பஞ்சுவின் புதுப்பாட்டு வரும் என்று எல்லாருக்கும் அறிவித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வழக்கம்போல வரவேற்புப் போன் போட்டாள். மரியாதையான, பதவிசான ஆண்குரல்.

“வணக்கம் மேடம். யாரோ ஒரு பாட்டை அனுப்பினாங்க, அதக் கேட்டுட்டுத்தான் சேந்தேன். நல்லா நடத்துறீங்க.”

“ரொம்ப நன்றிங்க. யார் பாட்டுங்க பிடிச்சுது?”

அவன் பஞ்சு என்று சொல்லவில்லை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னான். எந்தப் பாட்டிலும், எந்த உதிரியிலும் வராத பெயர். மைக்கக்கா ஈரச்சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படி யாரும் இல்லீங்களே.”

“பரவால்ல மேடம்” என்று சிரித்தான். “அவ குரல் எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை அவ புதுப்பாட்டு வருதாமே. எனக்கும் வந்துடும்ல?”

போனை வைத்துவிட்டு அவள் யோசித்தாள். இவன் ஒருவனை நீக்கிவிடலாம், ஆனால் நாளைக்கு வேறு பெயரில் வருவான், மறுநாள் இன்னொருவரிடம் வாங்கிக் கேட்பான். பாட்டு வந்துகொண்டிருக்கும்வரை பஞ்சுவுக்கும் ஈரச்சுவருக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தொடர்பு இருக்கும்வரை இந்த மாடியைச் சுற்றி வருவான்.

பாட்டு வந்திருந்த எண்ணுக்கு அவள் எழுதினாள்: ‘அவன் இங்கே வந்துவிட்டான். இனி எனக்கு எதுவும் அனுப்பாதே. இந்த எண்ணை மாற்றிவிடு.’ அந்தப் பக்கம் படித்துவிட்ட அடையாளம் வந்ததும் எண்ணை அழித்தாள். பிறகு பாட்டையும் அழித்தாள்.

“சந்தாக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்களேக்கா, அவங்களுக்கு என்ன எழுத?” என்று கேட்டான் தம்பி.

“பஞ்சு பாடறதையே விட்டுட்டா, எங்க இருக்காளோ தெரியாதுன்னு எழுது. அவனும் படிக்கட்டும்.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவளோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் மறைக்காத ஈரச்சுவர் தன்னுடைய ஜனங்களுக்குச் சொன்ன முதல் பொய்யை, அவன் ஒவ்வோர் எழுத்தாக அடித்து அனுப்பினான்.