‘சேமி’ பொத்தான் இடம் மாறியது குறித்து

ஐயா, அம்மையீர், வணக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவன் நான். கணினியை நானாகவே தட்டித் தட்டிக் கற்றேன். முகத்துவாரக்குப்பத்து மீனவப் பெண்கள் சங்கத்தின் பழைய கணினியில், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளை நிறுவிக் கொடுத்தவனும் நானே.

சங்கத்தின் செயலாளர் அம்மையார் மனுக்களை அதில்தான் தட்டச்சு செய்வார். கடிதத்தை மூடும்போது ‘சேமி’, ‘விட்டுவிடு’ என்னும் இரு பொத்தான்கள் திரையின் நடுவே தோன்றும். ஒவ்வொரு முறையும் படித்துக்கொண்டிருப்பானேன் என்று, ‘சேமி’ வரும் இடத்தில் திரைக் கண்ணாடி மேலேயே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார். ஓராண்டு குறையின்றி நடந்தது.

பிறகு நான் புதிய பதிப்பை ஏற்றினேன். அதில் பொத்தான்கள் ஒன்றன் இடத்துக்கு ஒன்று மாறியிருந்தன. கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பற்றி முற்பகல் முழுவதும் அவர் தட்டிய மனு, பொட்டிருந்த இடத்தில் அமுக்கியதும் மறைந்தது.

“இன்னா நைனா, பட்டனு வூடு மாத்திகினு பூட்ச்சா?”

“படிச்சிப் பாத்து அமுக்கக் கூடாதாம்மா?”

“நீ கிரேன் ஓட்டசொல்லோ, கைப்புடில இன்னா எய்திகீதுன்னு படிச்சிகினா ஓட்டுன?”

மறைந்த மனு எங்கேனும் கிடக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்; கிடைக்கவில்லை.

“இந்தப் பேஜாரே வோணாம். இனிமே கையாலயே எய்திக்கிறேன்” என்று எழுந்து போனார். அவரை மீண்டும் கணினி முன் அமரவைப்பது என் கடமையாயிற்று.

மென்பொருளை உருவாக்கும் தன்னார்வலர்களின் இணையதளத்தில், அடுத்த பதிப்புக்கான முன்னுரிமைப் பட்டியலைப் பார்த்தேன். சாளரங்களின் மூலைகளை வளைவாக்கும் பணி முதலிடத்தில் இருந்தது. எல்லாச் செயலிகளிலும், பதிப்புக்குப் பதிப்பு மாறாமல், பொத்தான்களை ஒரே வரிசையில் வைக்கும் பணி கடைசியில் கிடந்தது. அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் முறையீடு எழுதி, பொட்டோடு திரையைக் கைபேசியில் எடுத்த படத்தையும் இணைத்தேன்.

“அந்தச் சிவப்பு வட்டம் திரையின் பழுதா?” என்று ஒருவர் வினவினார். பொட்டு இன்னதென்று மூன்று பத்திகளில் விளக்கினேன். மற்றொருவர், பயனர் படித்துவிட்டு அமுக்கலாமே என்றார். நான் சொன்ன அதே சொல்! அம்மையார் என்னைக் கேட்ட கேள்வியையே அவருக்கு அனுப்பினேன். எங்கள் துறைமுகத்தில் நான் எந்தக் கிரேனில் ஏறினாலும், பாரம் தூக்கும் கைப்பிடி வலப்பக்கமே இருந்தது என்றும் சேர்த்தேன். இரண்டு நாள் வாதத்துக்குப்பின் வளைவு மூலைகள் கீழிறங்கின. பொத்தான் வரிசை முதலிடம் ஏறியது.

அப்பதிப்பு வந்ததும் அம்மையாரை அழைத்தேன். அவர் நின்றபடியே கடிதச் செயலி, படச் செயலி என ஒவ்வொன்றாகத் திறந்து மூடிச் சோதித்தார்.

“எல்லாத்துலயும் பொட்டு வெச்ச பக்கமே கீது நைனா” என்றவர், நாற்காலியை இழுத்து அமர்ந்து அடுத்த மனுவைத் தட்டத் தொடங்கினார்.

இனி வரும் பதிப்புகளுக்கு முன்னுரிமை வகுப்போர் படிக்கும்பொருட்டு, இக்கடிதத்தை அந்த இணையதளத்தில் அழிக்காது வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.