கரண்ட் போகட்டும் சாமி

நகரியில் எங்கள் தெருவுக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. கரண்ட் இருக்கும் நேரம், இல்லாத நேரம் என்று இரண்டே நேரம்தான். கரண்ட் இருந்தால் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசவேண்டும். என் நைனாவுக்கும் எங்கள் தறிகளுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்தான் என்று சின்ன வயதில் நான் உறுதியாக நம்பினேன். தறி ஓடினால் அவரும் ஓடுவார். வாயில் இட்லி இருக்கும்போதே அறுந்த இழையை முடிபோடப் போய்விடுவார். "நின்னுக்கினே துன்னா ஒடம்புல ஒட்டுமா?" என்று அம்மா கத்துவது அவர் காதில் விழாது. நான் கூப்பிட்டால், "இரும்மா, தோ வந்துட்றேன்" என்பார். அந்த 'தோ' முடிந்து அவர் வந்ததே கிடையாது.

கரண்ட் போனால்தான் எனக்கு நைனா கிடைப்பார். தெருவே ஊமையாகிவிடும். நைனா வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து தாயம் ஆடுவார். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டித்தான் ஆட்டம். அவரைப்போல் அழுகுணி ஆட்டம் ஆடுகிறவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. விழுந்த கொட்டையை முழங்கையால் புரட்டிவிடுவார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவருடைய காய் முன்னே போயிருக்கும். கேட்டால், "காத்துல நவுந்துக்கினு இருக்கும்மா" என்பார். ஃபேன் ஓடாத வீட்டில் ஏது காற்று என்று நான் சண்டைக்குப் போவேன். சண்டை சூடுபிடிக்கும்போது கரண்ட் வந்துவிடும். காய்கள் அப்படியே கிடக்க, நைனா தறிக்கு ஓடிவிடுவார். அவரோடு ஒரே ஓர் ஆட்டத்தையாவது கடைசிவரை ஆடி ஜெயிக்கவேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

அப்போதுதான் அம்மாவின் வேண்டுதலுக்காகத் திருமலைக்குப் போனோம். எதிர்வீட்டு அத்தையும் கூட வந்தார். அவர் வீட்டிலும் தறிதான். "மதியத்துக்கெல்லாம் சாமியப் பாத்துட்டு வந்துட்லாம்" என்று நைனா, பக்கத்துத் தெருவுக்கு நூல் வாங்கப் போகிறவர்போல் சொன்னார். மேலே போனதும் எங்களை ஒரு பெரிய கூடத்தில் உட்காரவைத்துக் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் அப்படி இன்னும் பல கூடங்கள் நிரம்பியிருந்தன.

நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே போகிற சேவகர்களையெல்லாம் நிறுத்தி, "எந்தசேப்பு சார், எந்தசேப்பு?" என்று கேட்டார். எவ்வளவு நேரம் என்று அவர்களுக்கும் தெரியாது. "கூர்ச்சோண்டி" என்று உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்கள். நைனா உட்கார்ந்தார், எழுந்தார், கூடத்தை வளையவந்தார், கதவை ஆட்டிப் பார்த்தார். "பூட்டுனது பூட்டுனதுதான். நீ ஆட்டுனா தொறந்துக்குமா?" என்றார் அம்மா. சேவகர்கள் சூடாகப் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை அவர் உட்கார்ந்து, ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்படி அவர் எதையும் குடித்து நான் பார்த்ததே இல்லை. குடித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "கொட்ட வச்சிக்கினு இருக்கியா?" என்றார்.

இல்லாமலா! பாவாடை முடிச்சில் எப்போதும் இருக்கும். எங்கள் தறியிலேயே நெய்த கட்டம்போட்ட துண்டை நைனா தரையில் விரித்தார். அதுவே பலகை. உடைந்த வளையல் துண்டுகள் என் காய்கள், வேர்க்கடலை நைனாவின் காய்கள். நான் வெட்டிய கடலையை நானே தின்றேன். அவர் வழக்கம்போல் திருடினார், நான் வழக்கம்போல் கத்தினேன். கூடமே எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. காளஹஸ்திக்கார அம்மா ஒருவர் என் பக்கம் சேர்ந்துகொண்டு, நைனாவின் முழங்கையைக் காவல் காத்தார். பொழுது போனதே தெரியவில்லை. அந்தக் கதவைத் திறக்காமலே விட்டுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் எனக்கு ஒரே ஒரு தாயம் விழவேண்டியிருந்தது. விழுந்தால் பழம், ஆட்டம் என்னுடையது. கொட்டைகளைக் கைக்குள் குலுக்கினேன். கதவு திறந்துவிட்டது. அவ்வளவு நேரம் சாய்ந்து கிடந்த ஜனம் ஒரே குரலாகக் கோவிந்தா என்று எழுந்து ஓடியது. நைனா துண்டைக் காய்களோடு சுருட்டித் தோளில் போட்டு, என்னையும் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

சாமி முன்னால் போனபோதும் அந்த அழுகை நிற்கவில்லை. "ஜருகண்டி, ஜருகண்டி" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். அரைநாள் காத்துக்கிடந்தவர்களுக்கு அங்கே கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் கேட்டுவிடவேண்டுமே என்ற அவசரத்தில், "சாமி, எங்க ஊர்ல கரண்டே வரக்கூடாது!" என்றேன். தறி வீட்டுப் பிள்ளைக்கு மெதுவாகப் பேச வராது. முன்னும் பின்னும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானு கரண்டு போவக்கூடாதுன்னு கேட்டேன். இது வரக்கூடாதுன்னு கேட்டுக்கினு வந்துக்குது. சாமி யாருக்குன்னு செய்வாரு, பாவம்!"

சாமி எனக்குத்தான் செய்தார். அந்த வாரமே எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் புகைந்து கருகிப்போனது. இன்று மாற்றுவார்கள், நாளை மாற்றுவார்கள் என்று நாள்கள் போயின. "ஒன் வாயில சக்கரைய கொட்ட!" என்று எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். லுங்கிகளை எடுத்துப்போகப் புத்தூரிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் வெறும் வண்டியோடு திரும்பினார். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நைனா நாள் முழுக்க என்னோடு இருந்தார்.

அதே துண்டை விரித்தேன். நைனா எதிரில் உட்கார்ந்தார். கொட்டையை உருட்டுவார், தலைக்கு மேல் இருக்கும் பல்பைப் பார்ப்பார். எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை தன் காய் என்று நினைத்து என் காயை நகர்த்தினார். நான் சொல்லவில்லை. இடையில் கரண்ட் வரவில்லை, கதவு திறக்கவில்லை. தாயம் விழுந்தது. பழம்!

"நல்லா ஆடினம்மா" என்றார் நைனா, பல்பைப் பார்த்துக்கொண்டே.

நான் ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று தெருவில் ஓடினேன். தறிச் சத்தம் இல்லாத தெருவில் என் குரல் கடைசி வீடுவரை கேட்டிருக்கும். அன்றைய ஆட்டத்தில் நைனா ஒருமுறைகூடத் திருடவில்லை. கேட்டதைக் கொடுத்ததோடு நைனாவையும் திருத்திவிட்டாரே என்று சாமிக்கு மனதார ஒரு கும்பிடு போட்டேன்.