இருநூறு கஜத்துக்கு ஒரு லென்ஸ்

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு டாப்சிலிப்பிலிருந்து தேக்குமர லாரியில் புறப்பட்டோம். பொள்ளாச்சிக்கு இருபத்திரண்டு மைல். டிரைவர் மாரப்பன் எங்களை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஏறியதும் ஏறாததுமாகச் சொன்னார்:

"நேத்து சாயங்காலம் சேத்துமடை எறக்கத்துல நம்ம ஒத்தக்கொம்பன் நின்னுட்டு இருந்தானுங்க அக்கா. ஹாரன் அடிச்சும் நகரல."

ஒற்றைத் தந்தக் காட்டு யானை அது. அதைப் போய் நம்ம ஒத்தக்கொம்பனாம், என்னவோ மாமன் மச்சான் மாதிரி! நான் ஜன்னலைவிட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எந்தப் பக்கம் மாரப்பா? வெளிச்சம் இருந்துச்சா?" என்று கேட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் செய்கிறவள் கொச்சியில் மட்டாஞ்சேரி வரைக்கும் போக நேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அவர் மரக்கிடங்கில் கணக்கர். மாலையில் கணக்கை மூடிவைத்ததும் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு யானை தேடிப் போய்விடுவார். காமிரா நல்ல காமிராதான். ஆனால் அதில் இருந்த லென்ஸ் வீட்டு விசேஷங்களில் மனிதரைப் படம் எடுக்கத் தோதானது. அதை வைத்துக்கொண்டு யானையைப் பெரிதாக எடுக்க வேண்டுமானால் இருபத்தைந்து கஜத்துக்குள் போயாக வேண்டும். தை மாதத்தில் ஒருநாள் அப்படிப் போனபோது ஒத்தக்கொம்பன் துரத்திவிட்டது. சமையலறை ஜன்னலில் நின்று நான் கண்ணாலே பார்த்தேன். அவர் தப்பி வந்தார், ஒரு செருப்பு வரவில்லை. மறுநாள் அது கிடைத்தபோது சப்பாத்தி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவர் காமிராவைத் தொட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

விட்டுவிடுங்கள் என்று அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. சரி, விடாவிட்டால் போகிறது, தள்ளியாவது நிற்கட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்கும் நீள லென்ஸ்கள் பம்பாயில் விலை கேட்கவே முடியாது. ஊருக்குத் திரும்பும் தோட்டத்துத் துரைமார்கள் கப்பலேறும் முன் வேண்டாத சாமான்களை மட்டாஞ்சேரியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள், அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எஸ்டேட் டாக்டர் சொன்னார். என் சீட்டுப் பணம் முந்நூற்றைம்பது ரூபாய் கையில் இருந்தது. கொடுக்கிறேன், ஆனால் நானும் கூட வருவேன், நான்தான் பொறுக்குவேன் என்றேன்.

பொள்ளாச்சியில் ரயில் ஏறி, பாலக்காட்டில் வண்டி மாறி, எர்ணாகுளத்தில் இறங்கியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மூன்று ரூபாய்க்கு அறை கிடைத்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் படகு. மட்டாஞ்சேரிக்கு ஆளுக்குப் பன்னிரண்டு நயா பைசா. காட்டாற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்திராதவள் நான். படகு நகர்ந்ததும் ஓரத்தைவிட்டு நடுப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வைகாசிக் கடைசி, மழைக்கால வாசல். மேற்கே வானம் கறுத்துக்கிடந்தது. படகு ஒரு கப்பலுக்கு அருகே போனபோது அதன் அலையில் எங்கள் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் எதிரில் இருந்த மீன்காரியின் தோளைப் பிடித்துவிட்டேன்.

"பேடிக்க வேண்டா சேச்சி," என்று சிரித்தாள் அவள். "இது காயலாணு, கடலல்ல."

பயப்பட வேண்டாமாம், இது உப்பங்கழிதானாம். பயந்தவளுக்குக் காயல் என்ன, கடல் என்ன? மூழ்கினால் இரண்டும் ஒன்றுதான். இறங்கும் வரை அவள் தோளை நான் விடவில்லை, அவளும் தள்ளிவிடவில்லை.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோடு முழுக்கச் சுக்கும் மிளகும் மூக்கைத் துளைத்தன. தலையில் மூட்டையோடு ஓடுகிற ஆட்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தோம். மிளகுக் கிடங்கின் கீழ்த்தளத்தில் அந்தக் கடை. கிராமபோன், கப்பல் கடிகாரம், பைனாகுலர் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. கடைக்காரர் பெயர் சாமா. பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்து குடியேறிய குடும்பமாம்.

"வாங்கோ, உள்ள வாங்கோ. மழை இப்ப வந்துடும் கேட்டேளா," என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரிய தகர டின்னைத் திறந்தார். உள்ளே வறுத்த அரிசி! அரிசிக்குள் துணி சுற்றிய லென்ஸ்கள்.

"கொச்சியிலே கண்ணாடிக்குள்ளயும் பூசணம் பிடிக்குமாக்கும். தோல் உறையிலே போட்டு வச்சா ஒரே மழைக்காலம், அதோட தீர்ந்தது. வறுத்த அரிசி ஈரத்தைக் குடிச்சுடும்."

மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் எண் இருந்தது. எங்கள் காமிராவில் இருந்தது ஐம்பது. இவற்றில் ஒன்று நூற்று முப்பத்தைந்து, விலை நூற்றெண்பது ரூபாய். இன்னொன்று இருநூற்று நாற்பது, தொண்ணூறே ரூபாய். மூன்றாவது என் முழங்கை நீளம் இருந்தது. அதில் நானூறு என்று போட்டிருந்தது. இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய் என்றார்.

"இது எத்தனை கஜம்?" என்று கேட்டேன்.

"கஜமா? லென்ஸை ஆரும் கஜத்துலே கேக்கறதில்லையே அம்மா."

"யானை பக்கத்துல இருவத்தஞ்சு கஜத்துல போய் எடுத்தா எம்மாம் பெருசா விழுமோ, அம்மாம் பெருசா விழணுங்க. இதை வெச்சு எத்தனை கஜம் தள்ளி நிக்கலாம்?"

சாமா என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எண் எத்தனை மடங்கோ தூரமும் அத்தனை மடங்கு. நானூறுன்னா எட்டு மடங்கு. இருநூறு கஜம் தள்ளி நிக்கலாம்."

இருநூறு கஜம்! எனக்கு அந்த லென்ஸைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் வீட்டுக்காரருக்கோ நூற்று முப்பத்தைந்தின் மேல்தான் கண். "கைக்கு அடக்கமா இருக்குது புள்ள. வெளிச்சமும் நல்லா வாங்கும். அந்தத் தடியை ஸ்டாண்டு இல்லாம கையில வெச்சு எடுத்தா படம் ஆடிரும். நாலு ராத்தல் இருக்கும். அதைத் தூக்கிட்டு எப்படி ஓடறது?"

"ஓடற தூரத்துல ஏனுங்க நிக்கறீங்க?"

சாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் என் வீட்டுக்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிட்டே நின்று ஓடுவதா, ஓட முடியாமல் தள்ளி நிற்பதா? எதைத் தேர்ந்தாலும் எதிரில் யானை இருக்கிறதே.

விலை மலிவாக இருந்த இருநூற்று நாற்பதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். உள்ளே நூலாம்படை போலப் பூசணம் படர்ந்திருந்தது. பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. வெளிச்சம் புகும் உள்கண்ணை முழுக்கத் திறந்துவைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேலே தெரியும் கீறலைவிட உள்ளே இருக்கும் பூசணம்தான் படத்தைக் கெடுக்கும். நீள லென்ஸில் ஓரத்தில் ஒரு பொட்டு பூசணம், அவ்வளவுதான். ஆனால் வாய்ப்பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது.

"இது யாரோட சாமானுங்க?" என்றேன்.

"வால்பாறையிலே இருந்த ஒரு தொரையோடது."

"அவரு இப்ப...?"

"கப்பலேறிப் போயாச்சு அம்மா. கையும் காலும் ஒழுங்கா இருந்தது. நானே பார்த்தேனே."

"அப்போ இந்த நசுங்கல்?"

"காட்டெருமை முடுக்கித்தாம். இதை அங்கேயே இட்டுட்டு ஓடினாராம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

அந்த வார்த்தையில் எனக்குத் தீர்மானமாகிவிட்டது. உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தவரின் லென்ஸ். அதைவிட ராசியான சாமான் வேறு ஏது? நசுங்கலைக் காட்டி முப்பது ரூபாய் குறைத்தேன். மூன்று கால் ஸ்டாண்டுக்கு இருபத்தைந்து என்றார், ஒப்புக்கொண்டோம்.

பணத்தை எண்ணும் முன் மிளகுக் கிடங்கின் மாடிக்குப் போய், கொண்டுவந்த காமிராவில் மாட்டி ஜன்னலில் வைத்துப் பார்த்தோம். அக்கரையில் வில்லிங்டன் தீவு, கப்பல்கள். ஒரு கம்பத்தின் உச்சியில் செம்பருந்து ஒன்று இருந்தது. வெறுங்கண்ணுக்குப் புள்ளிதான். "நீ பாரு," என்று அவர் விலகி நின்றார். நான் கண்ணை வைத்தேன். பருந்து சட்டென்று தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தது. அதன் கண்ணிமை மூடித் திறந்தது கூடத் தெரிந்தது. நான் அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்து மிளகு மூட்டைமேல் விழுந்தேன்.

"கண்ணு தெரிஞ்சுதா?" என்று கேட்டார் அவர். அவர் குரல் மாறியிருந்தது. அப்போது நான் அதைக் கவனித்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

மூன்று மணிப் படகில் திரும்பினோம். நடுக்காயலில் மழை பிடித்துக்கொண்டது. காற்று தார்ப்பாய்த் திரையைப் பிய்த்துக்கொண்டு போனது. படகு ஏறி ஏறி விழுந்தது. பெண்கள் கூவினார்கள், யாரோ உரக்க ஜெபம் சொன்னார்கள். என் மடியில் துண்டு சுற்றிய லென்ஸ். அதைப் பிடித்தால் பலகையைப் பிடிக்கக் கையில்லை. அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பலகையைப் பற்றிக்கொண்டு கத்தினேன்:

"என் சீட்டுப் பணமுங்க! உசுரே போனாலும் அதைக் கீழ விட்றாதீங்க!"

அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரத்தில் கரை வந்தது. நனைந்த புடவையோடு கல்படியில் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன்.

வியாழக்கிழமை டாப்சிலிப் வந்து சேர்ந்தோம். மறுநாளே புல்வெளி ஓரத்தில் யானைகள் உப்பு மண்ணுக்கு வரும் இடத்திலிருந்து இருநூறு கஜம் அடியெடுத்து அளந்து, ஒரு வேங்கை மரத்தில் சிவப்புத் துணி கட்டினேன். அதைத் தாண்டக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். இரண்டு வாரம் அவர் அந்த மரத்தடியிலேயே நின்றார். எனக்குச் சோறு இறங்கியது.

பொள்ளாச்சி ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. யானை அப்படியே, பழைய படங்களில் இருந்த அதே அளவில் விழுந்திருந்தது. எனக்குப் பரம திருப்தி. அவர் மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதே சைஸ்தான்," என்றார்.

மழை விட்ட ஒரு காலை. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். வேங்கை மரத்தடியில் சிவப்புத் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டி, பாதியைத் தாண்டி, புல்வெளியில் ஸ்டாண்டை நிறுத்திக் குனிந்திருந்தார். எதிரில் ஒத்தக்கொம்பன். நடுவே அதே பழைய இருபத்தைந்து கஜம். கூப்பிட்டால் யானை திரும்பும். கூப்பிடாவிட்டால்? கரண்டியும் கையுமாக ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டேன்.

யானை காதை விரித்தது. அவர் ஓடவில்லை. குனிந்து ஸ்டாண்டிலிருந்து லென்ஸைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார்! ஒரு திருகு, இரண்டு திருகு. யானை நாலடி முன்னால் வந்து நின்றது. அவர் லென்ஸும் காமிராவுமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து நடந்து வந்தார். அது என்ன நினைத்ததோ, ஸ்டாண்டைத் துதிக்கையால் தட்டிவிட்டுத் திரும்பிப் போனது.

வாசலில் வந்து நின்றவருக்கு உதடு வெளுத்திருந்தது. "கண்ணு மட்டும் எடுக்கணும்னு பார்த்தேன் புள்ள," என்றார். "அந்தப் பருந்து மாதிரி."

"யானை முன்னால வந்தப்ப அதைப் போட்டுட்டு ஓடியாரக் கூடாதா?"

"நீதானே சொன்னே, உசுரே போனாலும் கீழ விட்றாதீங்கன்னு."

படகில் சொன்னது. என் வாயால் சொன்னது. அவர் கையிலிருந்து லென்ஸை வாங்கி, நசுங்கிய வாயைத் தடவிப் பார்த்தேன். வால்பாறைத் துரை எங்கேயோ தன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"அடுத்த தடவை இதைப் போட்டுட்டு ஓடியாங்க," என்றேன். "இந்த நசுங்கலுக்குப் பக்கத்துல இன்னொன்னுக்கு எடம் இருக்குது."