சார் எதிர் பெஞ்சில் உட்கார்ந்த மேட்ச்

எங்கள் கல்லூரியில் எனக்கு முன்னால் உடற்கல்வி இயக்குநராக இருந்தவரின் குரல் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். மிகையாகச் சொல்லவில்லை. மைதானத்தில் நின்று அவர் "டேய்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், இலுப்பூர் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலை வைத்தே முப்பது வருடம் கால்பந்து அணியை நடத்தினார். பிரின்சிபால் அறையில் கண்ணாடி அலமாரி நிறைந்து, பக்கத்து பீரோ தலையிலும் ஏறி நிற்கிற கோப்பைகள் எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தவை. ஊரில் 'சார்' என்று சொன்னால் போதும், எந்த சார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு நான் வந்தேன். பல்கலைக்கழக மகளிர் அணியில் டிபென்ஸ் ஆடியவள் நான். கால்பந்து தெரியாதவள் இல்லை. ஆனால் அதை யார் கேட்டார்கள்? முதல் நாளே பிரின்சிபால், "சார் மாதிரி வேணாங்க. அதுல பாதி இருந்தாப் போதும்" என்றார். பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "சார் எடத்துக்கு வந்திருக்கிறது நீங்கதானா?" என்று கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். கேண்டீன்காரர் ஒரு படி மேலே போய், "சார் டீக்குச் சீனி போட மாட்டாருங்க" என்றார். நான் ரெண்டு ஸ்பூன் போடுவேன், இப்போ என்ன என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பையன்கள் மரியாதையில் குறை வைக்கவில்லை. எதைச் சொன்னாலும் "சரிங்க மேம்" என்பார்கள். திரும்பிப் போய்ப் பழையபடியே ஆடுவார்கள். சாரின் ஆட்டம், பின்னாலிருந்து தூக்கி அடித்துவிட்டு முன்னால் ஓடுவது. நான் பந்தைத் தரையிலேயே வைத்து, மூன்று மூன்று பேராகச் சேர்ந்து தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். "சார் வேற மாதிரி சொல்லிக் குடுத்தாரு மேம்" என்று பணிவாகவே பதில் வரும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவர்களுடைய கண் சார் வழக்கமாக நிற்கிற கொடிக்கம்பத்துப் பக்கமே போகும். அங்கே ஆளே கிடையாது. நான் எதிர்ப்பக்கம் நின்று கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோவேன். எனக்குக் கோப்பைகூட வேண்டாம். சிக்கலான நேரத்தில் ஒருத்தனாவது என் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

மண்டலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அன்றைக்கு வீட்டில் கணவரிடம் சொல்லிவிட்டேன். பொங்கலுக்குப் பழைய மாணவர்களோடு ஒரு மேட்ச் நடக்கும். அதிலும் இப்படியே இருந்தால், கால்பந்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று பிரின்சிபாலிடம் கேட்டுக்கொள்ளப்போகிறேன் என்று. கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நல்லது. சாயங்காலமாவது வீட்டுக்கு வருவ" என்றார். அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை.

காணும் பொங்கலுக்கு மறுநாள் அந்த மேட்ச். துபாயிலிருந்து லீவில் வந்தவர், போலீஸ் வேலையில் இருப்பவர், அறந்தாங்கியில் மொபைல் கடை வைத்திருப்பவர் என்று பதினோரு பேர் திரண்டார்கள். பாதிப் பேருக்கு ஜெர்சி வயிற்றோடு நின்றுவிட்டது. போன வருடம் வரைக்கும் இந்த மேட்ச்சில் சார் மாணவர்கள் பெஞ்சில் இருப்பார். இந்தத் தடவை நேராக எதிர் பெஞ்சுக்குப் போனார். "நானும் இப்பப் பழைய ஆளுதானேம்மா" என்று சிரித்துக்கொண்டே கும்பிட்டார். தோளில் ஒரு துண்டு.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. சார் இரண்டு அணியையும் நடத்திக்கொண்டிருந்தார். எங்கே தப்பு நடந்தாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏறு, ஏறு, எல்லாரும் மேல ஏறு!" என்று அவர் கத்த, என் டிபென்ஸ் நான்கு பேரும் ஒரே வரிசையாக மேலே ஏறினார்கள். பின்னால் விழுந்த பந்தை துபாய்க்காரர் எடுத்துக்கொண்டு போய் நிதானமாக கோலுக்குள் தள்ளினார். இன்னொரு தரம் "லெப்ட்ல குடு!" என்றார். என் ஆள் கொடுத்தான். லெப்டில் நின்றது போலீஸ்காரர். இரண்டாவது கோல். பார்க்க வந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இடைவேளையில் பையன்களைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க யாரு டீம்டா?" என்று கேட்டேன். கோல்கீப்பர்தான் கேப்டன், ஆவுடையார்கோவில் பக்கத்துப் பையன், எதையும் மென்று முழுங்காமல் சொல்லுகிறவன்.

"வேணும்னு செய்யலை மேம். காதுல விழுகுது, கால் தானாப் போயிருது."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிர் பெஞ்சுக்குப் போனேன்.

"சார், ஒரு ஒதவி."

"சொல்லுங்கம்மா."

"செகண்ட் ஹாப்ல நீங்க கத்தக் கூடாது."

முறுக்குத் தின்றுகொண்டிருந்த பழைய மாணவர்கள் அப்படியே நின்றார்கள். அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை போல.

"நானா? நான் எங்கிட்டு கத்துனேன்?" என்று சுற்றிலும் பார்த்தார். "ஏன்டா, கத்துனேனா?"

போலீஸ்காரர் தரையைப் பார்த்தபடி, "லேசாங்க சார்" என்றார்.

சாரின் முகம் வாடிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தோள் துண்டின் நுனியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். போங்க என்று கையால் காட்டினார்.

இரண்டாவது பாதியில் மைதானம் கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது. பையன்கள் திணறினார்கள். கத்த நான் வாயைத் திறந்தேன். எதிரே துண்டைக் கடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய மனுஷர் வாயை அடைத்துவிட்டு நான் கத்துவது நியாயமாகப் படவில்லை, மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பையன்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். "மாப்ள, நீ நில்லு, நான் போறேன்." "இங்கிட்டுத் தள்ளுடா!" பந்து தரையிலேயே உருண்டது. மூன்று பேர் கை மாற்றுவதுபோலத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டார்கள். ஜூனிலிருந்து நான் தொண்டை வற்றச் சொன்ன அதே ஆட்டம். கைதட்டக்கூட மறந்துபோனேன்.

கடைசி நிமிடங்களில் துபாய்க்காரர் டிபென்ஸைத் தாண்டித் தனியாக வந்துவிட்டார். அவருக்கும் கோலுக்கும் நடுவே என் கேப்டன் மட்டும்தான். வெளியே வர ஓர் அடி எடுத்து வைத்தவன், தயங்கி சாரைப் பார்த்தான். துண்டுதான் தெரிந்திருக்கும். சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

எட்டு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன்? அந்த நொடியில் யோசிக்க நேரமில்லை. இடத்தை விடாமல் நின்று தடுக்கிற டிபென்ஸ் பழக்கம், நில் என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டேன். அவன் நின்றான். துபாய்க்காரர் மூலை பார்த்து, அவசரமே இல்லாமல் உள்ளே தள்ளினார். மூன்றுக்கு ஒன்று. விசில் ஊதிவிட்டார்கள்.

சார் துண்டை உருவிக்கொண்டு எழுந்து வந்தார். "ஏம்மா, அதுல அவன் வெளிய வந்திருக்கணும்ல?" என்றார். முன்னால் வந்து கோலை மறைத்திருக்கத்தான் வேண்டும். நான் பதில் சொல்வதற்குள் கேப்டன் கையுறைகளைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு, நேராக என்னிடம் வந்தான். பக்கத்தில் நின்ற சாரை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் வரத்தான் மேம் இருந்தேன். நீங்க நிக்கச் சொன்னீங்கன்னுதான் நின்னேன். ஒங்களாலதான் அது கோலு!"

மற்றவர்கள் பயந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொல்லி ஒருத்தன் நின்றிருக்கிறானே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஆமாடா, என்னாலதான்" என்றேன்.