கொடிமரத்தடியில் ஒரு வட்டம்

ஒரகடம் பக்கத்தில் நிலங்கள் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பள்ளியின் சாரணியர் படை என் பொறுப்பில் இருந்தது. பின்னால் வருகிறவர்களுக்குக் கற்களால் வழிக்குறி அமைக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். வட்டமாகக் கல் அடுக்கி நடுவில் ஒன்று வைத்தால், 'நான் வீட்டுக்குப் போய்விட்டேன், தேட வேண்டாம்' என்று பொருள்.

ஒரு திங்கட்கிழமை கொடிமரத்தடியில் அந்த வட்டம் இருந்தது. "கொடியேத்துற இடத்துல என்னடி விளையாட்டு?" என்று எல்லாரையும் திட்டிவிட்டு, காலாலேயே கலைத்தேன். ஒன்பதாவது படித்த அணித்தலைவி அன்று வரவில்லை. நிலத்தை விற்ற குடும்பம், வீடு மாற்றுகிறார்கள் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய தோழி பயந்துகொண்டே சொன்னாள்: "டீச்சர், அவளுக்குக் கல்யாணம் பண்ணிட்டாங்க. அதுக்கு மொத நாளு ஸ்கூலாண்ட வந்து கல்லு வெச்சிக்கினு இருந்தா. டீச்சர் பாத்தா புரிஞ்சிப்பாங்கன்னு சொன்னா."

அடுத்த வகுப்பில் அதே வட்டத்தைத் தரையில் வைத்தேன். இதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "தேடக் கூடாது டீச்சர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"தேடணும்டி" என்றேன்.